எஃகுச் சங்கிலி நீளுமா?

“செயின் நீண்டு போச்சு, சார். டைட் வைத்துத் தருகிறேன், ஓட்டுங்கள்.”

இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் கடைகளில் இச்சொற்களை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மெக்கானிக் பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவார், நட்டை முறுக்குவார், வண்டியைத் திருப்பிக் கொடுப்பார். நாமும் நிம்மதியாக வீடு திரும்புவோம். ஆனால், மாணவ நண்பர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். சங்கிலி எஃகினால் ஆனது. ரப்பரைப் போல எஃகு நீண்டுகொண்டே போகுமா? சங்கிலி நீண்டுவிட்டது என்றால், அதில் எந்தப் பகுதி நீண்டது?

இக்கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொள்வதற்கு ஒரு விபத்து தேவைப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், கல்லூரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டிக்கு அடியில் ‘கடகட’ என்று ஓர் ஓசை. அடுத்த நொடி பின் சக்கரம் சுழலாமல் இறுகி நின்றுவிட்டது. வண்டி ஈரச் சாலையில் சறுக்கிக்கொண்டே சென்று ஓரத்தில் சாய்ந்தது. பற்சக்கரத்தை விட்டுக் கழன்ற சங்கிலி, எஞ்சினின் உறைக்கும் முன் பற்சக்கரத்திற்கும் இடையே சிக்கிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. பின்னால் பேருந்து ஏதும் வராததுதான் என் நல்வாய்ப்பு.

அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் மூன்று முறை அச்சங்கிலியை ‘டைட்’ செய்திருந்தேன். ஒருமுறைகூட அதை அளந்து பார்க்கவில்லை. யங் குணகத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கும் எனக்கே அது தோன்றவில்லை! நான் செய்யத் தவறிய கணக்கை இப்போது நாம் சேர்ந்து செய்து பார்ப்போம்.

இழுத்தால் எவ்வளவு நீளும்?

முதலில் சங்கிலியின் மீது செயற்படும் விசையைக் கண்டறிவோம். வண்டியும் அதில் செல்லும் இருவரும் சேர்ந்து 250 கிலோகிராம் எனக் கொள்வோம். வண்டி நொடிக்கு நொடி 2 மீ/நொடி வீதம் வேகம் கூடுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி தேவையான விசை 250 × 2 = 500 நியூட்டன். இவ்விசை பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் செயற்படுகிறது. சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. எனில், திருப்புத்திறன் 500 × 0.3 = 150 நியூட்டன்-மீட்டர்.

இதே திருப்புத்திறனைச் சங்கிலி, பின் பற்சக்கரத்தின் வழியாகத் தரவேண்டும். ஆனால் 42 பற்கள் கொண்ட அச்சக்கரத்தின் ஆரம் சுமார் 8.5 செ.மீ. மட்டுமே. எனவே சங்கிலியின் இழுவிசை 150 ÷ 0.085 = 1,765 நியூட்டன். அதாவது, ஏறத்தாழ 180 கிலோகிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். காற்றின் தடை முதலியவற்றை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்விசையை ஒவ்வொரு கண்ணியிலும் இரு தகடுகள் தாங்குகின்றன. அவற்றின் மொத்தக் குறுக்கு வெட்டுப் பரப்பு சுமார் 24 சதுர மி.மீ. எனவே தகைவு, சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 74 நியூட்டன். எஃகின் யங் குணகம் சதுர மி.மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். தகைவைக் குணகத்தால் வகுத்தால் கிடைக்கும் திரிபு 0.00037. 110 கண்ணிகள் கொண்ட சங்கிலியின் நீளம் 1,397 மி.மீ. முழுச் சங்கிலியும் இந்த இழுவிசைக்கு உட்படுவதாகவே கொண்டாலும், அது நீளும் அளவு சுமார் அரை மி.மீ. மட்டுமே! விசை நீங்கியதும் இந்த அரை மில்லிமீட்டரும் மறைந்துவிடும். எஃகு தன் பழைய நீளத்தை அடைந்துவிடும்.

ஆனால், விபத்திற்குப் பிறகு என் பழைய சங்கிலியைப் புதிய சங்கிலிக்குப் பக்கத்தில் கடைத் தரையில் நீட்டி வைத்தபோது, பழையது கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை நீளம் கூடியிருந்தது! அரை மில்லிமீட்டர் எங்கே, இரண்டு விரற்கடை எங்கே? ஆகவே, எஃகு நீளவில்லை என்பது தெளிவு. அப்படியானால் நடந்தது என்ன?

சங்கிலியின் உள்ளே

இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் சங்கிலிக்கு 1880ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர் அவர். அவர் வகுத்த அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை.

சங்கிலியில் இருவகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. உட்கண்ணியின் இரு தகடுகளையும் இரண்டு சிறு குழாய்கள் இணைக்கின்றன. இவற்றைப் ‘புஷ்’ என்பர். வெளிக்கண்ணியின் இரு தகடுகளையும் இரண்டு ஆணிகள் இணைக்கின்றன. வெளிக்கண்ணியின் ஆணி, உட்கண்ணியின் புஷ்ஷுக்குள் நுழைந்து, ஒரு கதவின் கீல் போல மடங்குகிறது. புஷ்ஷின் மீது ஓர் உருளை தளர்வாகச் சுழல்கிறது. பற்சக்கரத்தின் பல்லைத் தொடுவது இந்த உருளையே.

ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரையுள்ள தூரத்தைப் ‘பிட்ச்’ என்கிறார்கள். நம் சாலைகளில் ஓடும் 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் 428 என்னும் எண் கொண்ட சங்கிலி இருக்கும். முதல் இலக்கமான 4, அரைக்கால் அங்குலங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. நான்கு அரைக்கால் அங்குலம் என்பது அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நீங்கள் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் சாதாரணச் சைக்கிளின் சங்கிலிக்கும் இதே பிட்ச்தான்!

ஓர் ஆணி எவ்வளவு தூரம் உரசுகிறது?

சங்கிலி நேராக ஓடும்போது ஆணி புஷ்ஷுக்குள் அசைவதில்லை. பற்சக்கரத்தின் மீது ஏறும்போது ஒருமுறையும், இறங்கும்போது ஒருமுறையும் மடங்குகிறது. 14 பற்கள் கொண்ட முன் சக்கரத்தில் மடங்கும் கோணம் 360 ÷ 14 = 25.7 பாகை. 42 பற்கள் கொண்ட பின் சக்கரத்தில் 360 ÷ 42 = 8.6 பாகை. சங்கிலி ஒருமுறை முழுதாகச் சுற்றிவர, ஓர் ஆணி மொத்தம் சுமார் 69 பாகை புஷ்ஷுக்குள் உரசித் திரும்புகிறது. ஆணியின் விட்டம் 4.5 மி.மீ. ஆதலால், உரசும் தூரம் சுமார் 2.7 மி.மீ.

“இவ்வளவுதானா?” என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். வண்டி 1 கி.மீ. செல்லப் பின் சக்கரம் சுமார் 530 முறை சுழலவேண்டும். அதற்குச் சங்கிலி 202 முறை சுற்றி வரவேண்டும். ஆக, ஒவ்வோர் ஆணியும் 1 கிலோமீட்டருக்குச் சுமார் அரை மீட்டர் உரசுகிறது. வண்டி 10,000 கி.மீ. ஓடி முடிப்பதற்குள், ஒவ்வோர் ஆணியும் புஷ்ஷுக்குள் 5 கி.மீட்டருக்கு மேல் உரசியே பயணம் செய்துவிடுகிறது!

அதுவும் எத்தகைய அழுத்தத்தில்? 1,765 நியூட்டன் விசையை ஆணி தாங்கும் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. மட்டுமே. எனவே அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 35 நியூட்டன். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு. இந்த அழுத்தத்தில் 5 கி.மீ. உரசினால் எந்த உலோகமும் தேயாமல் இருக்குமா?

சிறுதுளி பெருவெள்ளம்

இப்போது புதிர் விடுபடுகிறது. ஓர் ஆணியும் அதன் புஷ்ஷும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் தேய்வதாகக் கொள்வோம். தனியே பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கண்ணுக்கும் எளிதில் தெரியாது. ஆனால் சங்கிலியில் 110 ஆணிகள் உள்ளன. 110 × 0.25 = 27.5 மி.மீ.! இதுவே நான் தரையில் கண்ட இரண்டு விரற்கடை. எஃகு நீளவில்லை, 110 இடங்களில் அது தேய்ந்திருக்கிறது. சங்கிலி ‘நீண்டது’ என்பதற்குப் பதிலாக, ‘உள்ளே தேய்ந்தது’ என்று சொல்வதே பொருந்தும்.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. சங்கிலி நீண்டது என நினைப்பவர், அதை இழுத்துக் கட்டினால் குறை தீர்ந்தது என்று எண்ணுவார். தேய்ந்தது என்பதை அறிந்தவர், இழுத்துக் கட்டுவதால் தொய்வு மட்டுமே மறைகிறது, தேய்மானம் அப்படியே இருக்கிறது என்பதை உணர்வார். நான் முதல் வகையினராக இருந்தேன்.

தேய்ந்த சங்கிலியால் என்ன ஆபத்து? பற்சக்கரத்தின் பற்கள் 12.7 மி.மீ. இடைவெளிக்கென்றே வெட்டப்பட்டவை. சங்கிலியின் சராசரிப் பிட்ச் 2 சதவிகிதம் கூடினால், அது பற்களின் அடியில் அமர முடியாது. அதே 42 பற்களில் சுற்றிக்கொள்ள அதற்குப் பெரிய வட்டம் தேவை. ஆரமும் 2 சதவிகிதம் கூடவேண்டும். 85 மி.மீட்டரில் 2 சதவிகிதம் 1.7 மி.மீ. ஆகவே உருளைகள் பல்லின் சரிவில் மேலேறி, நுனியை நோக்கி நகர்கின்றன. அந்நிலையில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ, திடீரென ஆக்ஸிலேட்டரைத் திருகினாலோ சங்கிலி பல்லைத் தாண்டிக் குதிக்கும், கழன்றும் விழும். பெருஞ்சாலையில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகோலே போதும்

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வடிவியல் பெட்டியிலோ பையிலோ இருக்கும் அளவுகோலே போதும். 20 பிட்ச் என்பது 20 × 12.7 = 254 மி.மீ.; சரியாக 10 அங்குலம்! சங்கிலியை விறைப்பாக இருக்கச் செய்து, ஏதேனும் ஓர் ஆணியைப் பூச்சியமாகக் கொண்டு எண்ணத் தொடங்கி, இருபதாவது ஆணி வரை அளக்க வேண்டும். ஆணியின் மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம். எனவே முதல் ஆணியின் இடது விளிம்பிலிருந்து கடைசி ஆணியின் இடது விளிம்பு வரை அளந்தால் பிழை குறையும். ஒரே இடத்தில் அளக்காமல், மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிகுதியாக உள்ளதை எடுத்துக்கொள்க.

அளவு 259 மி.மீட்டரை எட்டிவிட்டால் தேய்மானம் 2 சதவிகிதம். பொதுவாக இதற்கு மேல் அச்சங்கிலியைப் பயன்படுத்தலாகாது. சில நிறுவனங்கள் 1 சதவிகிதத்திற்கும் குறைவான எல்லையையே விதிக்கின்றன. ஆதலால் வண்டியுடன் தரப்படும் கையேட்டில் குறித்துள்ள அளவே முடிவானது.

ஏன் இருபது கண்ணிகள்? ஒன்றை மட்டும் அளந்தால் போதாதா? ஒரு கண்ணியின் தேய்மானம் அளவுகோலில் தெரியாது. இருபதின் கூட்டுத்தொகை தெரியும். ஊசலின் அலைவு நேரத்தைக் காண 20 அலைவுகளை எண்ணுகிறோமே, அதே உத்திதான். மேலும், உட்கண்ணியின் இரு உருளைகளுக்கு இடையேயுள்ள தூரம் ஆணி தேய்வதால் மாறுவதில்லை. வெளிக்கண்ணியில் மட்டும் இரு ஆணிகளின் தேய்மானமும் சேர்ந்து இரட்டிப்பாகக் கூடும். எனவே ஒற்றைக் கண்ணியை அளப்பவர் ஏமாந்து போவார்.

எண்ணெய் எங்கே போகவேண்டும்?

தேய்மானத்தை நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும். அதற்குத்தான் எண்ணெய். ஆனால் பலர் சங்கிலியின் வெளிப்புறத்தில் கெட்டியான கிரீஸை அப்பிவிட்டுத் திருப்தி அடைகின்றனர். உரசல் நிகழ்வது வெளியே அன்று. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே. வெளியே அப்பிய கிரீஸ் அங்கே செல்வதில்லை. மாறாக, சாலைப் புழுதியை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. சாதாரண எஃகைவிட அது கடினமானது. கிரீஸும் மணலும் சேர்ந்தால் சாணை பிடிக்கும் பசையைப்போல் ஆகிவிடும்!

90 நம்பர் கியர் ஆயில் போன்ற எண்ணெய் நுண்புழைக் கவர்ச்சியால் தகடுகளின் இடுக்கு வழியே உள்ளே ஊர்ந்து செல்லும். வண்டி ஓடி நின்ற சற்று நேரத்தில், சங்கிலி இளஞ்சூடாக இருக்கும்போது எண்ணெய் இடுவது நல்லது. வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலை குறைவதால் அது எளிதில் உட்புகும். சங்கிலியின் உட்புறத்தில், உட்தகடும் வெளித்தகடும் சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சங்கிலி சுற்றும்போது எண்ணெய் வெளிநோக்கி எறியப்பட்டு மூட்டுகளின் ஊடே செல்லும். மிகுதியானதைத் துணியால் துடைத்துவிடுக. பல கையேடுகள் 500 முதல் 1,000 கி.மீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கின்றன. மழையில் நனைந்த பிறகு கட்டாயம் செய்தல் வேண்டும்.

சில வண்டிகளில் தகடுகளுக்கிடையே சிறு ரப்பர் வளையங்கள் தெரியும். இவற்றில் ஆணிக்கு வேண்டிய கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, ரப்பர் வளையத்தால் மூடிவிடுகின்றனர். இத்தகைய சங்கிலியைப் பெட்ரோல் கொண்டோ கம்பிப் பிரஷ் கொண்டோ சுத்தம் செய்தால் வளையம் கெட்டு, உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். எந்தச் சங்கிலிக்குமே பெட்ரோல் வேண்டாம். தீ விபத்துக்கு அது வழி வகுக்கும்.

விறைப்பும் தொய்வும்

சங்கிலி வீணைத் தந்திபோல் விறைப்பாக இருப்பதே சிறப்பு என்று எண்ணாதீர்கள். வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின் சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் அசைகிறது. அதன் சுழல் மையமும் முன் பற்சக்கரத்தின் மையமும் ஒரே புள்ளியில் இல்லை. எனவே அசைவின்போது இரு பற்சக்கரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் மாறுகிறது. இம்மாற்றத்திற்கு இடம் கொடுக்கவே தொய்வு தேவை. பல சிறு வண்டிகளில் கீழ்ப்பகுதிச் சங்கிலி நடுவில் சுமார் 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் அசைய வேண்டும் என்பர். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக விறைப்பாக உள்ள இடத்தில் இந்த அளவை வைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்குகள் பழுதாகும், தேய்மானமும் விரையும்.

மாற்றும்போது மூன்றையும்

புதிய சங்கிலி வாங்கும்போது இரு பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுவதே முறை. கடைகளில் ‘செயின் செட்’ என்று இம்மூன்றையும் ஒன்றாக விற்பது வியாபாரத் தந்திரம் அன்று. தேய்ந்த சங்கிலி பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்து, சுறாமீனின் துடுப்பைப்போல் வளைத்திருக்கும். அவற்றின் மீது 12.7 மி.மீ. பிட்ச் கொண்ட புதுச் சங்கிலியைப் போட்டால், பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய விசை ஓரிரு பற்களின் மீதே விழும். புதுச் சங்கிலி விரைவில் பழையதாகிவிடும்.

இணைப்புக் கண்ணியில் ஒரு சிறு கிளிப் இருக்கும். இதைச் ‘செயின் லாக்’ என்பர். கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். திருப்பிப் போட்டால், எதிலாவது உரசும்போது கழன்றுவிடும். வண்டியை வாங்கி வருமுன் இதை ஒருமுறை பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையில் நீங்கள் மற்ற யாவற்றையும் மறந்தாலும் இதை மறவாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் சங்கிலியைத் துணியால் துடைப்போரைக் காண்கிறோம். விரல்களை இழப்பது இப்படித்தான்.

இதையும் கணக்கிடுவோம். எஞ்சின் மெதுவாக, நிமிடத்திற்கு 1,400 சுற்றுகள் சுழல்கிறது. முதல் கியரில் பின் சக்கரம் 35இல் ஒரு பங்காக, நிமிடத்திற்கு 40 சுற்றுகள் சுழல்கிறது எனக் கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சங்கிலி நகர்வது 42 × 12.7 = 533 மி.மீ. எனவே சங்கிலியின் வேகம் நொடிக்குச் சுமார் 36 செ.மீ. பற்சக்கரத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் துணியோடு விரல் சிக்கினால், 0.14 நொடியில் அது பற்களுக்கிடையே சென்றுவிடும். ஓர் ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். உங்கள் மூளை “இழு” என்று ஆணையிடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும் இக்கணக்கை வெல்ல முடியாது. ஆகவே, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, டயரைப் பிடித்துக் கையால் மட்டுமே சுழற்றுக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க.

செய்து பாருங்கள்

1. கெட்டி அட்டையில் 6 செ.மீ. நீளமுள்ள பத்துப் பட்டைகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு சிறு துளைகள் இடுங்கள். தீக்குச்சிகளை ஆணிகளாகச் செருகி, பட்டைகளைச் சங்கிலியாக இணைத்து, இழுத்து அளந்துகொள்க. பிறகு துளைகளைப் பென்சில் முனையால் சற்றுப் பெரிதாக்கி மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு பட்டையும் நீளவில்லை. ஆனால் சங்கிலி நீண்டிருக்கும்!

2. உங்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, சங்கிலியில் 20 பிட்ச் நீளத்தை அளந்து பாருங்கள். 254 மி.மீட்டருக்கு மேல் எவ்வளவு உள்ளது? அது எத்தனை சதவிகிதம்? சைக்கிளில் 1 சதவிகிதத்தை எட்டியதுமே மாற்றிவிடுவது நல்லது.

3. முன் பற்சக்கரத்தில் 14 பற்களுக்குப் பதில் 15 பற்கள் இருந்தால், ஆணி ஒரு சுற்றில் உரசும் கோணம் எவ்வளவு குறையும்?

முதல் இரண்டையும் செய்து முடித்ததும், உங்கள் வீட்டு வண்டியின் சங்கிலியை அளந்து, அந்த எண்ணைத் தேதியுடன் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சங்கிலி முழுவதும் உறையால் மூடப்பட்ட வண்டியானால், அடுத்த முறை மெக்கானிக் உறையைக் கழற்றும்போது அளவுகோலுடன் அருகில் நில்லுங்கள். “செயின் நீண்டு போச்சு” என்று அவர் சொன்னால், “எத்தனை மில்லிமீட்டர், அண்ணே?” என்று கேளுங்கள். அக்கேள்வியை நான் முன்பே கேட்டிருந்தால், அந்த மழை மாலையில் சாலையோரத்தில் விழுந்திருக்க மாட்டேன்.